செத்த தொட்டியில் பூத்த சிவப்புப் பந்து

கேள்வி: எனக்கு வயது 71. திருச்சியில் மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறேன். கணவர் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. பழைய வீட்டிலிருந்து சாமான்களோடு வந்த ஒரு மண்தொட்டி, மார்கழியிலிருந்து வெறும் மண்ணாகக் கிடந்தது. வேலைக்கு வரும் பெண்கூட "தூக்கிப் போட்டுடவா பாட்டி?" என்று கேட்டுவிட்டாள். மே மாதம் ஒரு மழை பெய்தது. அடுத்த சில நாளில் இலையே இல்லாமல் ஒரு தண்டு கிளம்பி, உச்சியில் பந்து மாதிரி சிவப்பாகப் பூத்து நின்றது. அன்று முழுக்க அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன். பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொன்னால், "பூத்த செடியாவே ஆன்லைன்ல பத்து வாங்கி அனுப்பறேன்மா" என்கிறாள். எனக்கு அது வேண்டாம் என்று தோன்றுகிறது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. இது என்ன பூ? அடுத்த வருடமும் வருமா? இதுபோல எதிர்பாராமல் வருகிற செடிகள் வேறு உண்டா? பால்கனி எட்டடிக்கு நாலடி, கிழக்குப் பார்த்தது. முழங்கால் வலி, குனிய முடியாது. இப்போதெல்லாம் விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, சாப்பாடும் இறங்குவதில்லை. இந்த வயதில் ஒரு பூவுக்காக இவ்வளவு சந்தோஷப்படுவது பைத்தியக்காரத்தனமா?

பதில்:

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். தொட்டியில் இப்போது ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது, அதைக் கெடுக்காமல் இருக்க வேண்டுமே என்பதுதான் என் அவசரம்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது மே ஃப்ளவர். ஃபுட்பால் லில்லி என்றும் நர்சரிகளில் சொல்வார்கள். தாவரவியல் பெயர் ஸ்கடாக்ஸஸ் மல்டிஃப்ளோரஸ். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிழங்குச் செடி. நீங்கள் ஒரே பூ என்று பார்த்தது உண்மையில் நூற்றுக்கு மேற்பட்ட சின்னப் பூக்கள் ஒரே தண்டின் உச்சியில் சேர்ந்து நின்ற கூட்டம். ஒரு கிழங்கு வருடத்துக்கு ஒரு பந்துதான் தரும். அது ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாள் நிற்கும். பிறகு நிறம் மங்கிச் சாயும்.

பூ சாய்ந்ததும் பெரும்பாலானவர்கள் செய்கிற தப்பு, "இனிமேல் என்ன, வெறும் இலைதானே" என்று கவனிப்பை விட்டுவிடுவது. அடுத்த மே மாதத்துப் பூ இந்த இலையில்தான் தயாராகிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை இலை வெயிலைத் தின்று கிழங்கில் சேமிக்கிறது. அந்தக் கிழங்குக்குள்ளேதான் மொட்டு உருவாகும். அழகாக இல்லை என்று இலையை நறுக்கினால் அடுத்த வருடம் இலை மட்டும் வரும், பூ வராது. காய்ந்த பூத்தண்டை அடியில் வெட்டிவிடுங்கள், இலையைத் தொடாதீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை மண்ணில் விரலை ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் அரை லிட்டர் தண்ணீர். செப்டம்பர் வரை மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம். வேறு உரம் வேண்டாம். யூரியா போட்டால் இலை கொழுக்கும், பூ ஏமாற்றும்.

கிழக்குப் பால்கனி இந்தச் செடிக்கு நல்லது. காலை வெயில் இரண்டு, மூன்று மணி நேரம் பட்டு, பிறகு வெளிச்சமான நிழல் இருக்க வேண்டும். மதிய வெயில் நேரடியாகப் பட்டால் இலை ஓரம் கருகும்.

ஐப்பசி, கார்த்திகையில் இலை மஞ்சளாகி மடியும். பயப்படாதீர்கள், அது சாகவில்லை, தூங்கப் போகிறது. நம் ஊரில் சிக்கல் இங்கேதான். கிழங்கு உலர்ந்து தூங்க வேண்டிய அதே நேரத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். தூங்கும் கிழங்கு தண்ணீரில் ஊறினால் அழுகிவிடும். இந்தச் செடி கெட்டுப்போவது பெரும்பாலும் வெயிலால் இல்லை, கார்த்திகை மழையால்தான். தொட்டியைத் தூக்கி உள்ளே வைக்கச் சொன்னால் உங்கள் முழங்கால் ஒத்துழைக்காது. இலை முழுக்க மடிந்த பிறகு, சாரல் அடிக்கும் நாட்களில் தொட்டியின் மேல் ஒரு பழைய பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து வையுங்கள், போதும். மழை விட்டதும் எடுத்துவிடுங்கள், காற்று வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை டம்ளர் தண்ணீர், கிழங்கு சுருங்காமல் இருக்க அது போதும். ஏப்ரல் கடைசியில் கோடை மழை பெய்தால் அது எழுப்பிவிடும். மே முதல் வாரம் வரை மழையே இல்லையென்றால் ஒருநாள் மாலையில் ஒரு லிட்டர் தண்ணீரை நிதானமாக ஊற்றி நனையவிடுங்கள்.

தொட்டி மாற்ற வேண்டாம். இந்தக் கிழங்குக்கு நெருக்கடி பிடிக்கும், வேர் தொட்டியை அடைத்துக்கொண்டிருந்தால்தான் நன்றாகப் பூக்கும். மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை கிழங்கு குட்டி போட்டு நெருங்கிய பிறகு பிரித்தால் போதும். அப்போது பத்து அங்குலத் தொட்டி, செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கரடுமுரடான மணல் ஒரு பங்கு. கிழங்கின் கழுத்து மண் மட்டத்துக்குத் தெரிய வேண்டும். ஆழப் புதைத்தால் பூக்கத் தயங்கும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இந்தக் கிழங்கு பார்க்க வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனால் விஷம். பிரித்த கிழங்கை சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பேப்பரில் சுற்றிப் பெயரெழுதி, செடிச் சாமான் இருக்கும் இடத்தில் வையுங்கள். கண் மங்கலாக இருக்கும் வீட்டில் இதை நான் இரண்டு தரம் சொல்வது வழக்கம். வேலைக்கு வரும் பெண்ணிடமும் சொல்லிவையுங்கள்.

இப்போது உங்கள் மகளின் பத்துச் செடிக்கு வருவோம். வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றியதற்கு நல்ல காரணம் இருக்கிறது. 1990-களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். பழச்சாறு எதிர்பாராமல் நாக்கில் விழுந்தபோது அந்தச் செல்கள் துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்குக்குப் பழகிப்போன பிறகு, அதே சாறு வந்தும் துள்ளல் இல்லை, விளக்குக்குத்தான் துள்ளின. அதாவது நமக்குள் அந்தத் துள்ளலைக் கிளப்புவது, கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. புதன்கிழமை பிற்பகல் டெலிவரி என்று மெசேஜோடு வருகிற பூவில் அந்த இடைவெளி கிடையாது. பூ அழகாகத்தான் இருக்கும், உங்களை வாய்விட்டுச் சிரிக்க வைக்காது. தவிர, நர்சரியில் பூக்கவைத்து அனுப்பும் செடி பயணத்தில் வெளிச்சமும் ஈரப்பதமும் மாறிப்போய், வந்த வாரமே மொட்டை உதிர்ப்பது சாதாரணம். காசும் போய் மனசும் வாடும்.

வயதானவர்கள் இதில் குறைந்தவர்கள் இல்லை. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், 60 வயது தாண்டியவர்களை வாரம் ஒருமுறை 15 நிமிடம் என்று 8 வாரம் நடக்கச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு மட்டும், பார்ப்பதையெல்லாம் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்து நடங்கள் என்று கூடுதலாகச் சொன்னார்கள். அந்தக் குழுவினர் நாளாக ஆக அதிகச் சந்தோஷத்தை உணர்ந்தார்கள். நடக்கும்போது எடுத்த செல்ஃபிகளில் வாரம் ஏற ஏற அவர்கள் முகம் சிறிதாகி, பின்னால் இருந்த காட்சி பெரிதாகிக்கொண்டே போனது. நீங்கள் அன்று முழுக்கத் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது யாரும் சொல்லாமலே செய்த அதே பயிற்சி.

ஆகவே மகளிடம் "பூச்செடி வேண்டாம், கிழங்கும் நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டும் அனுப்பு, எது என்னவென்று சொல்லாதே" என்று கேளுங்கள். எப்போது பூக்கும் என்று நமக்குத் தேதி சொல்லாத செடிகளை வைத்துக்கொள்வதுதான் வழி. உங்கள் பால்கனிக்குப் பொருந்துகிறவற்றைச் சொல்கிறேன்.

மழை லில்லி. வெள்ளை, ரோஸ், மஞ்சள் மூன்று நிறத்திலும் கிடைக்கும். சின்ன வெங்காயம் அளவுக் கிழங்கு. பத்து அங்குலத் தொட்டியில் பத்துப் பன்னிரண்டு கிழங்கை ஒன்றரை அங்குல ஆழத்தில், இரண்டு அங்குல இடைவெளியில் நடுங்கள். சாதாரண நாளில் புல் மாதிரி இருக்கும், ஒருவர் திரும்பிப் பார்க்கமாட்டார். நல்ல மழை பெய்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காலையில் பார்த்தால் தொட்டி முழுக்கப் பூ. இரண்டு நாளில் முடிந்துவிடும். தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்தால் இது ஏமாற்றும். காய்ந்து கிடந்த கிழங்கு திடீரென நன்றாக நனைந்தால்தான் மொட்டுத் தண்டு தள்ளும். அதனால் மே, ஜூனில் இலை வாடுகிற மாதிரி இருந்தாலும் வாரம் ஒருமுறைக்கு மேல் தண்ணீர் வேண்டாம். பால்கனிக் கூரை மழையைத் தடுக்கிறதென்றால் தொட்டி கைப்பிடிச் சுவரை ஒட்டி, சாரல் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். இதுவும் மே ஃப்ளவர் குடும்பம்தான், கிழங்கைத் தின்னக் கூடாது.

அடுத்தது, நம் வீடுகளில் பிரம்ம கமலம் என்று சொல்லும் நிஷாகந்தி. இமயமலையில் வளரும் பிரம்ம கமலம் வேறு. இது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த ஒரு கள்ளி இனம், இலை மாதிரித் தெரிவது தட்டையான தண்டு. இதற்கு உங்களிடம் பொறுமை வேண்டும். தெரிந்தவர் வீட்டிலிருந்து ஆறு அங்குலத் துண்டு ஒன்று வாங்குங்கள். நிழலில் ஒரு வாரம் போட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு நடுங்கள். ஈரத்தோடு நட்டால் அழுகும். முளைத்து, பூக்க இரண்டு, மூன்று வருடம் ஆகும். "எனக்கு 71 வயசு, மூணு வருஷமா?" என்று நினைப்பீர்கள். பெரிய செடி வைத்திருப்பவரிடம் ஏற்கனவே வேர் பிடித்த கிளையாகக் கேட்டால் காத்திருக்கும் காலம் குறையும். துண்டையும் ஒன்று நட்டுவையுங்கள்.

மொட்டு வந்த நாளிலிருந்து விரிய மூன்று, நான்கு வாரம். முதலில் கீழ்நோக்கித் தொங்கும். விரிவதற்குச் சில நாள் முன்பு கழுத்தை வளைத்து மேலே தூக்கும். அன்று மாலை ஐந்து, ஆறு மணிக்கு மொட்டின் நுனி லேசாகத் தளர்ந்து வெள்ளை தெரிந்தால், அன்றிரவுதான். எட்டு, ஒன்பது மணிக்குத் திறக்க ஆரம்பிக்கும். பதினோரு மணிக்கு முழுசாக விரிந்து வீட்டுக்குள் வரை வாசம் வரும். விடிந்தால் தலை தொங்கிவிடும். மொட்டு தெரிந்த பிறகு தொட்டியைத் திருப்பவோ நகர்த்தவோ கூடாது, ஒளி வரும் திசை மாறினால் மொட்டு உதிரும். மண்ணை முழுக்கக் காயவிட்டாலும் உதிரும். அன்றைய இரவுக்கு ஒரு கைப்பிடி உள்ள நாற்காலி, எட்டும் இடத்தில் விளக்கு ஸ்விட்ச், காலில் ரப்பர் செருப்பு, மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்ற உறுதி, இந்த நாலும் முதலில். பக்கத்து ஃப்ளாட்காரர்களைக் கூப்பிடுங்கள். தனியாகப் பார்க்கும் பூ இல்லை அது.

உங்களுக்கு நான் அதிகம் சிபாரிசு செய்வது கறிவேப்பிலை. சிரிக்காதீர்கள். இரண்டடி உயரக் கன்று இரண்டு வாங்கி, ஒவ்வொன்றையும் பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் வையுங்கள். ஒன்று சமையலுக்கு. இன்னொன்றில் ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது, வேப்பெண்ணெய் உட்பட எதையும் தெளிக்கக் கூடாது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும் மார்மன் இனத்துக் கருப்பு வண்ணத்துப்பூச்சியும் கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகளில் முட்டையிடும். மூன்றாம் மாடி அவற்றுக்கு ஒரு உயரமே இல்லை. கொழுந்தில் கடுகைவிடச் சின்னதாக, வெளிர் மஞ்சள் முத்து ஒன்று தனியாக ஒட்டியிருந்தால் அது முட்டை. மூன்று, நான்கு நாளில் புழு வரும். முதலில் பறவை எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமாக இருக்கும். யாரும் தொடாமல் இருக்க அது போடும் வேஷம். பிறகு ஒருநாள் தோலுரித்துப் பளபளவென்று பச்சையாகிவிடும். அப்போது லேசாகத் தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னால் செந்நிறக் கொம்பு இரண்டு நீண்டு, ஒரு நாற்றம் அடிக்கும். கொட்டாது, கடிக்காது. முட்டையிலிருந்து சிறகு வரை மொத்தம் ஒரு மாதம் பிடிக்கும்.

பச்சைப் புழு பெரிதான கடைசி நாட்களில் இலையை அசுரத்தனமாகத் தின்னும். ஒரு கன்று மூன்று, நான்கு புழுவுக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் இருந்தால் சமையல் செடியிலிருந்து ஒரு கொத்தைத் தானமாக வைக்க வேண்டியதுதான். கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடாதீர்கள், மருந்து அடித்த இலையில் புழு செத்துவிடும். எல்லாப் புழுவும் வண்ணத்துப்பூச்சி ஆகாது. குளவியும் குருவியும் எறும்பும் பங்கு கேட்கும். பாதி போனாலும் சரி. கூட்டுப்புழு கருத்து, உள்ளே சிறகின் கோலம் தெரிந்தால் மறுநாள் காலை காபியை அங்கே குடியுங்கள். வெளியே வந்தபின் சிறகு உலர ஒரு மணி, இரண்டு மணி நேரம் அப்படியே தொங்கும். அந்த நேரத்தில் விரலால் உதவி செய்யப் போகாதீர்கள், சிறகு நிரந்தரமாகக் கோணிவிடும்.

இன்னொன்று, செலவே இல்லாதது. பன்னிரண்டு அங்குலக் க்ரோபேக் ஒன்றில் சமையலறைக் கழிவு மக்கிய உரத்தையும் மண்ணையும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பி, எதையும் விதைக்காமல் விடுங்கள். மற்றத் தொட்டிகளோடு சேர்த்துத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். தக்காளியும் பூசணியும் பப்பாளியும் உரத்திலிருந்தே முளைக்கும். கொண்டைக்குருவி வந்து உட்கார்ந்தால் மணத்தக்காளியும் சுண்டைக்காயும் வரும். என்ன முளைத்திருக்கிறது என்று பெயர் தெரியாமல் பத்து நாள் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இதில் கிடைக்கும் சுகம். ஆனால் ஊமத்தையும் இப்படித்தான் வரும். அதனால் அடையாளம் உறுதியாகத் தெரியாத எதையும் குழம்பில் போட வேண்டாம். அரச மரம், ஆல மரக் கன்று தொட்டியில் வந்தாலும் சுவர் விரிசலில் வந்தாலும் ஒரு விரல் நீளத்திலேயே பிடுங்கிவிடுங்கள். வேர் கட்டடத்துக்குள் இறங்கினால் அடுத்து அசோசியேஷன்காரர்கள் உங்கள் கதவைத் தட்டுவார்கள், அது நீங்கள் விரும்பும் எதிர்பாராத நிகழ்ச்சி இல்லை.

பறவைக்குத் தண்ணீர் வையுங்கள், தானியம் வைக்காதீர்கள். அரிசி வைத்த ஒரே வாரத்தில் புறாக்கூட்டம் குடிவந்துவிடும். அதன் எச்சத்தூசி நுரையீரலுக்குக் கெடுதல், வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். அகலமான மண்தட்டில் ஒன்றரை அங்குலத் தண்ணீர், நடுவில் ஒரு கல். தினமும் கொட்டிவிட்டு ஓரத்தை நாரால் தேய்த்து மறுபடி ஊற்ற வேண்டும். டெங்கு கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தட்டின் ஓரத்தில் ஒட்டிவிடும், தண்ணீரை மாற்றினால் மட்டும் அது போகாது. அக்டோபரில் கண் திறந்து வையுங்கள். வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி, இரவெல்லாம் பறந்து களைத்து ஊருக்கு நடுவே பால்கனிகளிலும் போர்டிகோக்களிலும் விழுந்து கிடப்பது உண்டு. பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றடியில் சிவப்பு என்று சாயக்கடை மாதிரி இருக்கும். வந்தால் காக்கை, பூனை எட்டாதபடி காற்றோட்டமுள்ள ஒரு அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் விடுங்கள். வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். சில மணி நேரத்தில் தெளிந்ததும் மரமுள்ள இடத்தில் திறந்துவிடலாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

உங்கள் முழங்காலுக்கு. தொட்டிகளைத் தரையில் வைக்கக் கூடாது. இரண்டரை அடி உயர இரும்பு ஸ்டாண்ட் ஒன்று, ஆடாதபடி சுவரோடு சேர்த்து. எட்டடி நீளத்தில் நாலடியை அதற்குக் கொடுத்தால் ஆறு தொட்டி நிற்கும், மீதி உங்கள் நாற்காலிக்கு. கைப்பிடிக்கு வெளியே எதையும் தொங்கவிட வேண்டாம், மூன்றாம் மாடி. நனைந்த பத்து அங்குல மண்தொட்டி பத்துக் கிலோவுக்குக் குறையாது, அதை நீங்கள் தூக்கவே கூடாது. தண்ணீருக்கு ஒன்றரை லிட்டர் பூவாளி போதும், வாளி வேண்டாம். தரை ஈரமானால் வழுக்கும், அதனால் ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் தட்டு வைத்து, தட்டில் நிற்கும் தண்ணீரை அன்றே கொட்டிவிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் குனிந்து சட்டென்று நிமிரும்போது தலை சுற்றும், உட்கார்ந்தே செய்யுங்கள். சர்க்கரை இருந்தால் மண்ணைத் தொடும்போது கையுறை கட்டாயம்.

இதற்கு மேல் ஒரு ஒழுங்கும் வேண்டாம். மகள் தானாகத் தண்ணீர் விடும் டைமர் வாங்கிக் கொடுப்பதாகச் சொன்னால், ஊருக்குப் போகும் நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கையால் ஊற்றும்போதுதான் முட்டை கண்ணில் படும், மொட்டு கண்ணில் படும். போனை உள்ளே வைத்துவிட்டுப் பத்து நிமிடம். ஒன்றுமே புதிதாக இல்லாத நாட்கள்தான் அதிகம் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு கிழங்கு நட்டால் முதல் வருடம் இரண்டு பூக்கலாம், ஒன்றும் பூக்காமலும் போகலாம். புதிதாக நட்ட கிழங்கு ஒரு வருடம் முறைத்துக்கொண்டு நிற்பது வழக்கம்.

கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியை நான் அப்படியே விட முடியாது. மூன்று மணி விழிப்பும் சாப்பாடு இறங்காததும். என் துறை செடி, மருத்துவம் இல்லை. ஆனால் முதியவர்களோடு வேலை செய்யும் எவரும் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, கதியற்று இருந்ததா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவரைப் பாருங்கள். இல்லை என்றாலும் தூக்கத்துக்கும் பசிக்கும் ஒருமுறை பார்ப்பது நல்லது. தைராய்டு, பி12 குறைவு, பொருந்தாத பல்செட், மாலையில் சாப்பிடும் நீர்பிரியும் மாத்திரை, இதில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மனச்சோர்வு என்றால் அது வயதின் இயல்பு இல்லை, சிகிச்சை உள்ள நோய். வெளியே போகத் தயக்கமாக இருந்தால் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழில் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567. ஒரு பூவைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு வந்தது நல்ல அடையாளம், ஆனால் அதை வைத்து மருத்துவரைத் தள்ளிப் போடாதீர்கள்.

கடைசியாகப் பயண ஏற்பாடு. பள்ளி விடுமுறைக்குப் பெங்களூர் வரச் சொல்லி மகள் ஏப்ரலிலேயே டிக்கெட் போட்டுவிடுவார் என்று நினைக்கிறேன். மறுத்துவிடுங்கள். உங்கள் தொட்டி விழிப்பது சரியாக ஏப்ரல் கடைசிக்கும் மே கடைசிக்கும் நடுவில். நீங்கள் போக வேண்டியது பிப்ரவரியில், கிழங்கு தூங்கும்போது. தூங்கும் கிழங்குக்கு இரண்டு, மூன்று வாரம் யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் ஒன்றும் ஆகாது, கறிவேப்பிலைக்கு மட்டும் அந்த டைமரை மாட்டிவிட்டுப் போகலாம். மே மாதம் அவர்களைத் திருச்சிக்கு வரச் சொல்லுங்கள். எந்த நாள் பூக்கும் என்று மகள் போனில் கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். பேரப்பிள்ளைகள் மண்ணைக் கிளறுகிற வயது என்றால் தொட்டியின் மேல் கூழாங்கல் பரப்பிக் கிழங்கை மூடிவையுங்கள். கழுத்து மட்டும் வெளியே தெரியட்டும்.